பெஞ்சமின் பிராங்க்ளின்: சில சொற்களின் வழியே ஒரு வாழ்வு

தோற்றுவாய்

குடியரசு, கூட்டாட்சி, ஒன்றியம், பிரதிநிதித்துவம், அரசமைப்பு, விடுதலை ஆகிய சொற்கள் இன்று நம் நாவில் எளிதாகப் புழங்குகின்றன. பள்ளிப் பாடநூலிலும் மேடைப் பேச்சிலும் நாளிதழ்த் தலையங்கத்திலும் இவற்றை நாள்தோறும் காண்கிறோம். சொல் பழகிப் போகும்போது அதன் பொருளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் குறைந்து விடுகிறது. ஒரு சொல் எவரெவரைத் தன்னுள் சேர்த்துக் கொள்கிறது, எவரெவரை வாயிலுக்கு வெளியே நிறுத்துகிறது என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. மொழி பயில்வோர் எழுப்ப வேண்டிய முதல் வினா அதுவே என்பது நம் கருத்து.

மேற்கூறிய சொற்கள் ஐரோப்பியரிடையே பழமையானவை. எனினும் 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் அவை புதுப்பொருள் பெற்றன. அப்பொருளை உருவாக்கிய பட்டறையில் நின்று உழைத்தவர்களுள் மூத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலை ஆராய்ந்த அறிவியலாளர் என்ற அளவில் நம் மாணவர்கள் அவரை அறிவர். அவர் அச்சுத் தொழிலாளி, இதழாசிரியர், தூதர், அரசியல் அறிஞர் எனப் பல நிலைகளில் 84 ஆண்டுகள் வாழ்ந்தவர். அந்நெடிய வாழ்வைச் சில சொற்களின் வழியே ஈண்டு காண்போம். புகழ்மாலை சூட்டுவது நம் நோக்கமன்று. ஒரு மனிதர் தாம் போற்றிய சொற்களின் முழுப் பொருளை எட்ட எத்தனை காலம் ஆயிற்று என்பதை அறிவதே நோக்கம்.

பணிமுறி

பிராங்க்ளின் 1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோசையா இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர். மெழுகுதிரியும் சோப்பும் செய்து விற்றுக் குடும்பம் நடத்தியவர். அவருக்கு இரு மனைவியர் வழி 17 மக்கள். பெஞ்சமின் 15ஆம் பிள்ளை, ஆண்மக்களுள் கடைக்குட்டி. இரண்டே ஆண்டுகள் பள்ளி சென்றார். பத்தாம் வயதில் படிப்பு நின்றது. பன்னிரண்டாம் வயதில் அண்ணன் ஜேம்ஸ் நடத்திய அச்சகத்தில் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். 21 வயது நிறையும் வரை அண்ணனுக்கு உழைப்பதாகச் சிறுவன் ஒரு முறியில் கையெழுத்திட்டான்.

அம்முறியின் ஆங்கிலப் பெயர் இண்டெஞ்சர் என்பது. பல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஒரே தாளில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதிப் பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதியை வைத்துக் கொள்வது பழைய வழக்கம். இரு பாதிகளின் பற்களும் பொருந்தினால் ஆவணம் உண்மையானது. 19ஆம் நூற்றாண்டில் நம் தமிழ் மக்களை மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் கரும்புத் தோட்ட உழைப்பிற்குக் கொண்டு சென்ற ஒப்பந்தமும் இதே பெயர் கொண்டதே. எனவே இச்சொல் நமக்கு அயலானதன்று.

அன்றைய அமெரிக்கக் குடியேற்றங்களில் உழைப்போர் பல படிகளாக நின்றனர். கூலிக்கு உழைக்கும் சுதந்திரர் ஒரு படி. தொழில் பயிலும் சிறுவர் அடுத்த படி. கப்பல் கட்டணம் செலுத்த இயலாமல் சில ஆண்டு உழைப்பை முன்கூட்டியே விற்றுவிட்டுக் கடல் கடந்து வந்த ஒப்பந்தப் பணியாளர் அதற்கடுத்த படி. இவர்கள் அனைவருக்கும் உழைப்பிற்கு ஒரு கால எல்லை உண்டு. கடைசிப் படியில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் இருந்தனர். அவர்களுக்கு எல்லை என்பதே இல்லை. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருந்தது.

ஜேம்ஸ் 1721இல் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார. தம்பி எழுதினால் அண்ணன் அச்சிடமாட்டார் என்பதால், 1722இல் ஒரு கைம்பெண்ணின் புனைபெயரில் 14 மடல்கள் எழுதி அச்சகக் கதவின் கீழே செருகி வைத்தான் பெஞ்சமின். நகரமே அவற்றை விரும்பிப் படித்தது. ஆட்சியாளரைக் குறைகூறியதற்காக ஜேம்ஸ் சிறை சென்றார். பின்னர் அவர் இதழ் நடத்தலாகாது என்று தடை வந்தபோது, தம்பியின் பெயரில் இதழை வெளியிட வேண்டியதாயிற்று. பயிற்சிச் சிறுவன் ஒருவன் வெளியீட்டாளனாக இருக்க முடியாதாகையால் பழைய முறி ஊரறிய நீக்கப்பட்டது. மறைவாக வேறொரு முறி எழுதப்பட்டது. அண்ணனின் அடி பொறுக்காத தம்பி, மறைமுறியை அவர் வெளியே காட்டமாட்டார் என்று கணக்கிட்டு 1723இல் ஊரைவிட்டு ஓடினான். அப்போது அவனுக்கு வயது 17. சட்டத்தின் பார்வையில் அவன் பணியை விட்டு ஓடிப்போனவன். இதனை நாம் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

உரிமையாளர் குடியேற்றம்

ஓடிய இளைஞர் நியூயார்க் வழியாகப் பிலடெல்பியா சேர்ந்தார். அது பென்சில்வேனியாக் குடியேற்றத்தின் தலைநகர். 1681இல் இங்கிலாந்து மன்னர் அந்நிலப்பரப்பு முழுவதையும் வில்லியம் பென் என்னும் குவேக்கர் சமயத்தவருக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தார். இவ்வாறு ஒரு குடும்பத்தின் உடைமையாகத் தொடங்கியவற்றை உரிமையாளர் குடியேற்றம் என்றனர். மன்னரின் ஆளுநரே நேரடியாக ஆண்டவை அரசக் குடியேற்றம் எனப்பட்டன. பென் தம் நிலத்தில் சமய உரிமை வழங்கினார். ஆகவே பல சமயப் பிரிவினரும் பல மொழியினரும் அங்கே குடிபுகுந்தனர்.

பிலடெல்பியாவில் பிராங்க்ளின் உழைத்து உயர்ந்தார். 1727இல் தொழிலாளரும் வணிகரும் கூடி உரையாடும் ஒரு சிறு கழகத்தை நிறுவினார். 1729இல் பென்சில்வேனியா கெசட் என்னும் இதழை வாங்கினார். 1731இல் உறுப்பினர் பணம் சேர்த்து நூல்கள் வாங்கும் நூலகம் அவர் முயற்சியால் எழுந்தது. 1736இல் தீயணைப்புச் சங்கம், 1743இல் அறிவியல் கழகம், 1751இல் மருத்துவமனை, அதே ஆண்டில் பிற்காலத்துப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற்கு வித்தான கல்விக்கூடம் எனப் பொதுநல அமைப்புகள் தொடர்ந்தன. அரசு செய்யட்டும் என்று காத்திராமல் குடிமக்கள் தாமே கூடிச் செய்வது என்னும் பொருளில் சங்கம் என்ற சொல் அங்கே வேரூன்றியது. 1752இல் நிகழ்த்திய பட்டம் விடும் ஆய்வும், இடிதாங்கியும் அவர் பெயரை ஐரோப்பா எங்கும் பரப்பின. இடிதாங்கிக்கு அவர் காப்புரிமை கோரவில்லை.

1740ஆம் ஆண்டளவில் அந்நகரில் எந்தச் சமயத்தவரும் வந்து பேசுதற்குரிய பொதுமண்டபம் ஒன்று எழுந்தது. கான்ஸ்டாண்டிநோபிள் முஃப்தி இஸ்லாத்தை எடுத்துரைக்க ஒருவரை அனுப்பினாலும் அவருக்கும் அங்கே மேடை கிடைக்கும் என்று பிராங்க்ளின் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். அவர் கொண்டிருந்த சமய உரிமை என்னும் சொல்லின் அகலத்தை இக்குறிப்பு காட்டும்.

ஆனால் அதே மனிதரின் கெசட் இதழில் அடிமைகளை விற்கும் விளம்பரங்களும், ஓடிப்போன பணியாளரையும் அடிமையையும் பிடித்துத் தருவோருக்குப் பரிசு கூறும் விளம்பரங்களும் வந்தன. ஓடிப்போன ஒருவரே அவற்றை அச்சிட்டுக் காசு பெற்றார். அவர் இல்லத்திலும் அடிமைகள் இருந்தனர். பீட்டர், கிங் என்னும் இருவர் 1757இல் அவருடனும் அவர் மகனுடனும் இலண்டன் சென்றனர். அங்கே கிங் தப்பி ஓடினார். தாம் பதினேழு வயதில் செய்ததையே கிங்கும் செய்தார் என்று அப்போது அவர் எண்ணினாரா என்பதற்குச் சான்றில்லை.

அக்காலத்தில் அமெரிக்கா சேர்ந்த ஆப்பிரிக்க அடிமைகளுள் முஸ்லிம்களும் இருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது. மேரிலாந்துப் புகையிலைத் தோட்டத்தில் உழன்ற அய்யூபா சுலைமான் என்பவர் 1733இல் இலண்டன் சென்று சேர்ந்தார். திருக்குர்ஆனை நினைவிலிருந்தே எழுதிக் காட்டி அங்குள்ள அறிஞரை வியப்பில் ஆழ்த்தினார். பின்னர் விடுதலை பெற்றுத் தாயகம் திரும்பினார். கல்வி பெற்ற அத்தகைய மனிதரும் சந்தையில் ஒரு சரக்காகவே எண்ணப்பட்டார்.

ஒன்றியம்

1754இல் ஆல்பனி நகரில் ஏழு குடியேற்றங்களின் பேராளர்கள் கூடினர். பிரெஞ்சுக்காரருடன் போர் மூளும் நிலையில் இரோகுவாய் மக்களின் நட்பைப் பெறுவது கூட்டத்தின் நோக்கம். குடியேற்றங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சட்டமன்றமும் தனித்தனிப் பொறாமையும் கொண்டிருந்தன. பிராங்க்ளின் ஓர் ஒன்றியத் திட்டத்தை முன்வைத்தார். மன்னர் அமர்த்தும் தலைவர் ஒருவர். சட்டமன்றங்கள் தேர்ந்தனுப்பும் பேரவை ஒன்று. பாதுகாப்பும் எல்லைப்புற நிலமும் அதன் பொறுப்பு. அதற்குச் சில வாரங்கள் முன்னரே, துண்டு துண்டாக வெட்டப்பட்ட பாம்பின் படத்தைத் தம் இதழில் வெளியிட்டிருந்தார். சேராவிடில் சாவு என்பது அப்படத்தின் கருத்து. அமெரிக்க அரசியல் கேலிச்சித்திரத்தின் முன்னோடி அதுவே.

திட்டம் தோற்றது. அதிகாரம் குறையும் என்று சட்டமன்றங்கள் அஞ்சின; குடியேற்றங்கள் வலுப்பெறும் என்று இலண்டன் அஞ்சியது. ஆறு இரோகுவாய் இனத்தார் நெடுங்காலமாக ஒரு கூட்டமைப்பைக் கட்டிக் காத்து வந்ததை 1751ஆம் ஆண்டு மடல் ஒன்றில் பிராங்க்ளின் சுட்டியிருந்தார். ஆனால் அவர்களை இழிவான சொல்லால் குறித்தே அவ்வெடுத்துக்காட்டைக் கூறினார். பிறரிடம் கற்றுக்கொண்டே அவரைத் தாழ்வாக மதிப்பது அக்கால ஐரோப்பியரின் பொதுநோய்.

அந்நோய் பிராங்க்ளினிடம் ஓரளவு தணிந்தது என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்றாகும். 1763இல் அவர் பிலடெல்பியாவில் கறுப்பினச் சிறுவர் பயின்ற பள்ளியொன்றைக் கண்டு வந்தார். அறிவிலும் நினைவாற்றலிலும் அக்குழந்தைகள் வெள்ளைக் குழந்தைகளுக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர் என்று தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டு எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில், அமைதியாக வாழ்ந்த கானஸ்டோகா இனத்துச் செவ்விந்தியர் இருபது பேரை எல்லைப்புற வெள்ளையர் கும்பல் ஒன்று வெட்டிக் கொன்றது. குழந்தைகளும் தப்பவில்லை. 1764இன் தொடக்கத்தில் பிராங்க்ளின் அக்கொலையைக் கண்டித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். அடைக்கலம் புகுந்தோரைக் காப்பது எல்லா மாந்தர்க்கும் பொதுவான அறம் என்பதற்கு அவர் காட்டிய சான்றுகளுள், சிறைப்பட்ட மன்னருக்குப் பருக நீர் தந்து உயிருறுதி அளித்த சுல்தான் சலாஹுத்தீனின் செயலும், தம் மகனைக் கொன்றவனென்று அறிந்த பின்னும் அடைக்கலம் தந்த சொல்லை மீறாத ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் ஒருவரின் கதையும் இடம்பெற்றன. கொல்லப்பட்டோர் முஸ்லிம் நாட்டில் வாழ்ந்திருந்தால் பாதுகாப்பாக இருந்திருப்பர் என்று கிறிஸ்தவர்களை நோக்கி ஒரு கிறிஸ்தவ நாட்டவர் எழுதினார். அவ்வாண்டுத் தேர்தலில் அவர் சட்டமன்ற இடத்தை இழந்தார். அத்தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. இந்நூல் உண்டாக்கிய பகையும் அவற்றுள் ஒன்று.

பிரதிநிதித்துவம்

1765இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் முத்திரைத்தாள் சட்டத்தை இயற்றியது. வழக்கு ஆவணம், செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு, சிறுவரின் பணிமுறி ஆகிய யாவற்றிலும் வரி செலுத்திய முத்திரை இருத்தல் வேண்டும் என்பது சட்டம். குடியேற்றங்கள் கொதித்தெழுந்தன. தாங்கள் தேர்ந்தனுப்பாத அவை தங்கள் மீது வரி விதிக்கலாகாது என்றனர். அதற்கு இலண்டன் கூறிய மறுமொழி நுட்பமானது. பாராளுமன்றம் பேரரசின் குடிகள் அனைவருக்கும் உரியது. வாக்களித்தாலும் அளிக்காவிடினும் அனைவருக்கும் அங்கே கருத்தளவில் பிரதிநிதித்துவம் உண்டு என்றது. மான்செஸ்டர் போன்ற ஆங்கில நகரங்களுக்கே தனி உறுப்பினர் இல்லையே என்றும் வாதிட்டது. ஒரே சொல், இரு கரைகளில் இரு பொருள். அச்சொற்போரே பின்னர் வாட்போராயிற்று.

பிராங்க்ளின் அப்போது இலண்டனில் பென்சில்வேனியாவின் முகவராக இருந்தார். பென் குடும்பத்தார் தம் நிலங்களுக்கு வரி செலுத்த மறுத்ததால் எழுந்த வழக்கே அவரை முதலில் அங்கே அனுப்பியது. முத்திரைச் சட்டத்தை அவர் எதிர்த்தார். எனினும் அது நிறைவேறிய பின் வேறு வழியில்லை என்று கருதி, தம் நண்பர் ஒருவரை முத்திரை வழங்கும் பதவிக்குப் பரிந்துரைத்தார். ஊர் மக்கள் அவரைச் சட்டத்தின் கூட்டாளி என்று ஐயுற்றனர். பிலடெல்பியாவில் அவர் வீட்டைத் தாக்கக் கும்பல் வரப்போவதாகச் செய்தி பரவியபோது அவர் மனைவி டெபோரா துப்பாக்கியுடன் வீட்டைக் காத்து நின்றார். தம் தவற்றைப் பிராங்க்ளின் விரைவில் திருத்திக் கொண்டார். 1766 பிப்ரவரியில் மக்களவை முன் நின்று உறுப்பினர்களின் சரமாரியான வினாக்களுக்கு விடையிறுத்தார். அடுத்த மாதம் சட்டம் நீக்கப்பட்டது.

புதிய வரிகள் தொடர்ந்தன. 1773 டிசம்பர் 16ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. சென்னையிலும் வங்காளத்திலும் கோலோச்சிய கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையே அது. 1774 ஜனவரியில் அரசவைக் குழுவின் முன் பிராங்க்ளினை நிறுத்தி ஏறத்தாழ ஒரு மணி நேரம் இழித்துரைத்தனர். அவர் வாய் திறவாமல் நின்றார். பேரரசின் உள்ளேயே உரிமை பெறலாம் என்ற அவருடைய நெடுநாள் நம்பிக்கை அன்று தகர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் டெபோரா காலமானார். பத்தாண்டுகளாகக் கணவரைக் காணாமலே அவர் மறைந்தார். பொதுவாழ்வின் புகழுக்கு வீட்டில் இருந்தோர் கொடுத்த விலை இது.

பற்றாளர் இருவர்

1775 மே மாதம் பிராங்க்ளின் தாயகம் திரும்பினார். போர் தொடங்கியிருந்தது. விடுதலை வேண்டியோர் தம்மை நாட்டுப்பற்றாளர் என்றனர். மன்னரை விட்டு விலகாதோர் அரசப்பற்றாளர் எனப்பட்டனர். வெல்பவர் பக்கம் நின்று நோக்கினால் முன்னவர் வீரர், பின்னவர் துரோகி. ஆனால் இவ்விரு சொற்களும் பல குடும்பங்களின் நடுவே கோடு கிழித்தன. பிராங்க்ளின் குடும்பமும் அதற்கு விலக்கன்று. அவர் மகன் வில்லியம் நியூ ஜெர்சியின் அரச ஆளுநர். பட்டம் விட்ட ஆய்வில் தந்தைக்குத் துணைநின்றவர். தாம் ஏற்ற உறுதிமொழியைக் கைவிட அவர் மறுத்தார். 1776இல் கைதாகிச் சிறையில் வாடினார். விடுவிக்கத் தந்தை முயன்றதாகத் தெரியவில்லை. போர் முடிந்தபின் மகன் நல்லுறவு நாடி மடல் எழுதினார். 1785இல் ஒருமுறை இருவரும் சந்தித்தனர், மனம் ஒன்றவில்லை. இறுதி விருப்பமுறியிலும் மகனுக்கு மிகக் குறைவே எழுதினார் பிராங்க்ளின். உலகோரிடம் சமரசம் பேசியவர் தம் மகனிடம் பேசவில்லை.

சமன்மை

1776இல் விடுதலைச் சாற்றுரையை வரைய அமைந்த ஐவர் குழுவில் பிராங்க்ளினும் ஒருவர். முதல்வரைவு தாமஸ் ஜெபர்சனுடையது. பிராங்க்ளினும் ஜான் ஆடம்சும் சில திருத்தங்கள் செய்தனர். மாந்தர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்பதும், ஆளப்படுவோரின் இசைவிலிருந்தே ஆட்சிக்கு அதிகாரம் பிறக்கிறது என்பதும் அதன் உயிர்க்கருத்துகள். அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் ஒரு பகுதியையும் ஜெபர்சன் எழுதியிருந்தார். பேரவை அதனை நீக்கிவிட்டது. எழுதிய ஜெபர்சனே அடிமைகளை உடையவர். அனைவரும் என்னும் சொல்லுள் அடிமைகள் அடங்கவில்லை, பெண்கள் அடங்கவில்லை, மண்ணின் மைந்தர்களான செவ்விந்தியரும் அடங்கவில்லை. எனினும் சொல் எழுதப்பட்டுவிட்டது. பின்வந்தோர் அனைவரும் அச்சொல்லையே எடுத்துக்காட்டி வாயிலைத் தட்டினர்.

அவ்வாண்டு இறுதியில் தூதராகப் பிரான்சு சென்ற பிராங்க்ளின் எட்டாண்டுகளுக்கு மேல் அங்குத் தங்கினார். 1778இல் பிரான்சின் உடன்படிக்கையும் 1783இல் பிரிட்டனுடன் அமைதி உடன்படிக்கையும் ஏற்பட அவருடைய பொறுமை பெரிதும் உதவியது.

கூட்டாட்சியும் சமரசமும்

விடுதலை பெற்ற 13 மாநிலங்களும் 1781 முதல் ஒரு தளர்ந்த கூட்டமைப்பாக இருந்தன. நடுவண் அமைப்பிற்கு வரி விதிக்கும் அதிகாரம்கூட இல்லை. இக்குறையைப் போக்க 1787இல் பிலடெல்பியாவில் மாநாடு கூடியது. பங்குகொண்டோர் 55 பேர். அவர்களுள் மூத்தவர் 81 வயதான பிராங்க்ளின். மாநிலங்கள் தம் அதிகாரத்தின் ஒரு பகுதியை நடுவணரசுக்கு விட்டுக்கொடுத்து மறுபகுதியைத் தாமே வைத்துக்கொள்ளும் அமைப்பே கூட்டாட்சி. பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைப்படி இடம் கேட்டன. சிறியவை சமமான இடம் கேட்டன. ஓரவையில் மக்கள்தொகைப்படியும் மற்றோரவையில் சமமாகவும் இடம் அளிப்பது என்ற சமரசத்திற்கு வழிகண்ட குழுவில் பிராங்க்ளின் பணியாற்றினார்.

மற்றொரு சமரசமும் அங்கே நிகழ்ந்தது. பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கொள்வது என்று முடிவாயிற்று. 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்கலாகாது என்றும் முடிவாயிற்று. ஆயினும் அவ்வரசமைப்பில் அடிமை என்னும் சொல்லே வரவில்லை. பிற மாந்தர் என்றும், உழைப்புக்குக் கட்டுப்பட்டவர் என்றும் சுற்றி வளைத்து எழுதினர். 1865இல் அடிமைமுறையை ஒழித்த திருத்தத்தில்தான் அச்சொல் முதன்முதலாக அரசமைப்பில் ஏறியது. சொல்ல நாணிய ஒன்றைச் செய்ய நாணவில்லை என்பதைத் தவிர வேறென்ன கூறுவது?

உழைப்புக்குக் கட்டுப்பட்ட ஒருவர் வேறு மாநிலத்திற்கு ஓடினால் அவரை உரியவரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பதும் அவ்வரசமைப்பின் ஒரு விதி. 1723இல் பாஸ்டனிலிருந்து ஓடிவந்த அச்சகச் சிறுவனையும் அவ்விதி கட்டிப் பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கும். அச்சிறுவனே முதியவராகி அதில் கையெழுத்திட்டார். அவ்வேளையில் அவர் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். சங்கத்தார் மாநாட்டில் அளிக்க விரும்பிய விண்ணப்பத்தை அவர் அங்கே முன்வைக்கவில்லை. ஒன்றியம் உடைந்துவிடும் என்னும் அச்சமே காரணம் எனலாம். இவ்வரசமைப்பின் எல்லாப் பகுதியும் தமக்கு உடன்பாடன்று. எனினும் இதனினும் சிறந்தது கிட்டும் என்று எதிர்பார்க்க இயலாமையால் ஏற்கின்றேன் என்னும் கருத்தமைந்த உரையை எழுதி, பிறரைக் கொண்டு படிக்கச் செய்தார். 39 பேர் கையெழுத்திட்டனர். மன்னராட்சியா, குடியரசா, எது கிடைத்தது என்று ஓர் அம்மையார் வினவியபோது, குடியரசுதான், அதனைக் காத்துக்கொள்வது உங்கள் கையில் உள்ளது என்னும் பொருள்பட விடையிறுத்தார் என்பர்.

ஒழிப்பு

அவர் வாழ்வு அங்கே முடிந்திருந்தால், சமரசத்தின் பெயரால் மௌனம் காத்த முதியவராகவே அவரை நாம் நினைவு கூர்ந்திருப்போம். ஆனால் இறப்பதற்கு இரண்டரைத் திங்கள் முன், 1790 பிப்ரவரி 3ஆம் நாள், நோய்ப்படுக்கையில் இருந்தவாறே புதிய பேரவைக்கு ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். அடிமைமுறையை ஒழிக்கவும் அடிமை வணிகத்தைத் தடுக்கவும் இயன்றதனைத்தும் செய்யுமாறு அது வேண்டியது. விடுதலையின் நலன்கள் நிறவேறுபாடின்றி வழங்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். தென்மாநில உறுப்பினர்கள் சீறினர். இறுதியில், அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் பேரவைக்கு இல்லை என்று முடிவு செய்தனர்.

ஜார்ஜியா உறுப்பினர் ஒருவர் அடிமைமுறையை ஆதரித்து முழங்கிய பேச்சு செய்தித்தாளில் வந்தது. பிராங்க்ளின் சிறுவயதில் கையாண்ட புனைபெயர் உத்தியை மீண்டும் எடுத்தார். மார்ச் மாதம் இதழொன்றில் ஒரு மடல் வெளியாயிற்று. நூறாண்டுகளுக்கு முன் அல்ஜியர்ஸ் திவான் அவையில் சீதி மெஹமெத் இப்ராஹிம் என்பவர் பேசியதாக ஓர் உரை அதில் இருந்தது. கிறிஸ்தவ அடிமைகளை விடுவித்தால் நம் நிலத்தை யார் உழுவர், உடையவருக்கு ஈடு யார் தருவர், அடிமைகள் தம் நாட்டினும் இங்கே நலமாகவே வாழ்கின்றனர் என்றெல்லாம் அவ்வுரை வாதிட்டது. ஜார்ஜியா உறுப்பினரின் வாதங்களே அவை. அடிமையின் நிறமும் சமயமும் மட்டுமே மாறியிருந்தன. அப்படியொரு பேச்சும் பேச்சாளரும் உலகில் இருந்ததில்லை; எல்லாம் பிராங்க்ளினின் கற்பனை.

முஸ்லிம் ஒருவர் வாயில் இவ்வாதத்தை வைத்தது முறையா என்று நம் வாசகர் சிலர் கேட்கலாம். அல்ஜியர்ஸ் கடற்கலத்தார் அமெரிக்க மாலுமிகளைச் சிறைப்பிடித்த செய்தி அப்போது அந்நாட்டாரின் சினத்தைத் தூண்டியிருந்தது. தம்மவர் அடிமையானால் கொடுமை, பிறர் அடிமையானால் வழக்கம் என்னும் இரட்டை அளவையை உடைக்கவே அவ்வேடத்தைத் தேர்ந்தார். அக்கற்பனையில் அடிமைகளை விடுவிக்குமாறு விண்ணப்பித்தோரும் இறையச்சமுடைய முஸ்லிம்களே என்பதையும் கருதுதல் வேண்டும். எய்யப்பட்ட இலக்கு அல்ஜியர்ஸ் அன்று, அமெரிக்கப் பேரவையே.

1790 ஏப்ரல் 17ஆம் நாள் பிராங்க்ளின் மறைந்தார். மருமகனுக்கு எழுதிய விருப்பமுறியில், அவரிடமிருந்த பாப் என்னும் அடிமையை விடுவிக்குமாறு கூறியிருந்தார். பாஸ்டன், பிலடெல்பியா ஆகிய இரு நகரங்களுக்கும் ஆயிரம் பவுன் வீதம் எழுதி வைத்தார். முறையாகத் தொழில் பயின்று முடித்த இளந்தொழிலாளர்க்குச் சிறு வட்டியில் கடன் தந்து அப்பணத்தை 200 ஆண்டுகள் பெருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1990ஆம் ஆண்டில் அக்காலக்கெடு நிறைவுற்றது. தம் பணிமுறியை நிறைவு செய்யாமல் ஓடியவர், அதனை நிறைவு செய்தோர்க்குத் துணைநிற்குமாறு தம் செல்வத்தை விட்டுச் சென்றார்.

நிறைவாக

பிராங்க்ளின் வாழ்வில் நாம் காண்பது குறையில்லாத ஒரு மனிதரையன்று. விளம்பரம் அச்சிட்டவரும் அவரே; விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உள்ளன. அந்த அறுபது ஆண்டுகளில் அவர் வீட்டு அடிமைகள் தம் வாழ்நாளை இழந்தனர் என்பதை எந்தப் புகழுரையும் ஈடுசெய்யாது. எனினும் 57ஆம் வயதில் ஒரு பள்ளியைக் கண்டு கருத்தை மாற்றிக்கொள்ளவும், 84ஆம் வயதில் தம் நாட்டுப் பேரவையையே எதிர்த்து எழுதவும் அவரால் முடிந்தது. கற்றோர் பலருக்கும் இது கைகூடுவதில்லை.

விடுதலை என்னும் சொல்லை முழங்குவது எளிது. அதன் எல்லைக்கு வெளியே நிற்போர் யார் என்று பார்ப்பது அரிது; பார்த்தபின் வாயிலைத் திறப்பது அதனினும் அரிது. நம் மாணவச் செல்வங்கள் குடியரசு, சமன்மை, உரிமை ஆகிய சொற்களைத் தேர்வுத்தாளில் எழுதும்போது, அச்சொல் தம் வீட்டு வேலையாளுக்கும், தம் தெருவின் கடைக்கோடியில் வாழ்வோருக்கும் பொருந்துகிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால், இவ்வரலாற்றைப் படித்த பயன் கிட்டியதாகக் கொள்வோம்.